ஒற்று மிகும் இடம்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் முன்னால் உட்கார்ந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இன்றைக்கும் எனக்குக் கை தடுமாறும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழில் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதுதான். 'தமிழ் பாடம்' என்று எழுதக் கூடாது, 'தமிழ்ப் பாடம்' என்று எழுத வேண்டும். அந்த மாதிரிச் சின்ன விஷயங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நான் கவலைப்பட்டேன்.

பெயர் பரமசிவம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இங்கே சுரங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்தில் வருகிற அறிவிப்புகளைத் தமிழாக்கிப் பலகையில் எழுதக் கொடுப்பது என் வேலை. வருகிற ஆண்டு ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது அந்தக் கவலை இல்லை.

மனைவி இசக்கியம்மாள் இறந்து ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. ஒற்று பற்றி ஒரு புத்தகம் எழுதி வைத்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள்களில்கூடத் தலைமாட்டில் உட்கார்ந்து அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் சொன்னதில்லை. சென்னையில் நான் அனுப்பாத பதிப்பகம் இல்லை. எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், "இந்தக் காலத்தில் இதை யார் வாங்குவார்கள்?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன, நான் திருத்திச் சொல்கிறேன்.

கொளஞ்சிநாதன் என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. கம்ப்யூட்டர் பிரிவில் டெக்னீஷியன். டிப்ளமா படித்தவன், பர்மனென்ட். முத்தாண்டிக்குப்பத்துப் பையன், புதிதாகக் கல்யாணமானவன். ஓயாமல் பேசுவான், சத்தமாகச் சிரிப்பான், தன் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவனுக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் ஊழியர் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம். அதில் தமிழில் தட்டெழுதி அச்செடுக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். வரிமணி என்று பெயர் வைத்திருந்தான்.

"சார், ஒத்து எங்க வரும், எங்க வராதுன்னு ரூலு எழுதித் தர்றீங்களா? மனுசன் மறந்தாக்கூட மிஷினே போட்டுக்கும்" என்றான்.

இசக்கியம்மாள் போன பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஓராண்டுக்கு மேல் எழுதினேன். நான் எழுத எழுத அவன் அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றினான். முதன்முதலாக நான் 'தமிழ் பாடம்' என்று அடித்து, அந்த இயந்திரம் தானாக நடுவில் ஒரு 'ப்' போட்டு அச்சடித்த அன்று, மன்றத்தின் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வரிமணியைப் பயன்படுத்தியவர்கள் என்னைத் தவிர மூன்று பேர். ராஜாம்பாள் டீச்சர் வினாத்தாள் அடிப்பார். மைன்ஸில் ஆபரேட்டராக இருந்த கருப்பசாமி யூனியன் நோட்டீஸ் அடிப்பார். காடாம்புலியூரிலிருந்து குஞ்சிதபாதம் வருவார். கல்யாணப் பத்திரிகை எழுதிக் கொடுப்பது அவருக்கு உபதொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்தில் கூடுவோம். பயனாளர் வட்டம் என்று பெயர் வைத்தது நான். ஒற்று விதிகளை எழுதியது யார் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் கொளஞ்சி வருவது நின்றுபோனது. அதன் பிறகும் வட்டம் கூடியது. முன்பைவிட ஒழுங்காகவே கூடியது என்று சொல்லலாம், ஏனென்றால் வரிமணியில் ஒரு கோளாறு இருந்தது. பத்தாம் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிடும். இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரி செய்ய வேண்டியவன் இல்லை. வேறு யாருக்கும் அதன் உள்ளே நுழையத் தெரியாது. ஆகவே அவர்கள் கூடி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினார்கள்.

"வேணும்னே விட்டுட்டுப் போயிட்டான்யா" என்பார் கருப்பசாமி. "பெங்களூர்ல வேலை கிடைச்சா இந்த ஊரு ஞாபகம் வருமா?"

கொளஞ்சி பெங்களூருக்குப் போகப் போவதாகப் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சைக்கிள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். ஆகவே யாருக்கும் பெரிய சந்தேகம் வரவில்லை. ராஜாம்பாள் டீச்சருக்கு மட்டும் அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"பர்மனென்ட் வேலையை ஒரு லீவு லெட்டர்கூடக் குடுக்காம விட்டுட்டுப் போவாரா? யாராவது ஒருத்தர் பெங்களூருக்கு நேராப் போய் விசாரிச்சா என்ன?"

நல்ல யோசனைதான். நான் சொன்னேன்: "டீச்சர், நேற்று நீங்கள் அடித்த தாளில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்ததே. 'வாழ்த்துகள்' அல்லவா சரி?"

அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "வன்தொடர்க் குற்றியலுகரம் சார். க் மிகத்தான் செய்யும்."

"கள் என்பது விகுதி. தனிச்சொல் இல்லை. விகுதிக்கு முன்னால் எப்படி மிகும்?"

"அப்ப, 'எழுத்துக்கள்'னு பெரியவங்கல்லாம் எழுதியிருக்காங்களே, தப்பா?"

"க் போட்டா வாழ்த்துல கள்ள ஊத்துன மாரி ஆயிடுமாங்க?" என்றார் குஞ்சிதபாதம். எல்லாரும் சிரித்தார்கள். கருப்பசாமி தன் பங்குக்கு, மேடையில் பேசுகிறவனுக்கு க் இருந்தால்தான் கைதட்டு கிடைக்கும் என்றார். மதியம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குக் கலைந்தோம். பெங்களூரை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. படித்த தமிழர்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஓர் இலக்கணச் சந்தேகத்தை வைத்தால் போதும். வேறு எதையும் நீங்கள் மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் 'கோயிலா, கோவிலா' என்று கேட்டேன். அதற்கடுத்த வாரம் 'முயற்சிக்கிறேன்' என்பதைப் பற்றி. சில வாரங்கள் நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. அவர்களே கொளஞ்சியில் தொடங்கித் தாமாகவே ஒற்றில் வந்து நின்றார்கள். நான் அவர்களை ஏமாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பேச விரும்பியதைப் பேச விட்டேன்.

வீரம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொளஞ்சியின் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்றத்து வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வாம்மா என்றால் வர மாட்டாள்.

"எதனா சேதி வந்துதுங்களா?"

இல்லை என்றதும் போய்விட மாட்டாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள், பேச்சு எப்போதாவது அவள் புருஷனிடம் திரும்பும் என்று. ஒருமுறை அண்ணன் சாமிக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கே போய்விட்டு வந்தாள். கல்யாணப் போட்டோவை வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசல்களில் நின்றிருக்கிறாள். ஷிப்டு விட்டு வெளியே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாளாம். திரும்பி வந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல், அவளுக்குக் குரலே இல்லை. சாமிக்கண்ணு, "ஓடிப்போனவன எங்கன்னு தேடறது, வுட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டானாம். அவள் விடவில்லை.

"வருவான், அம்மா" என்றேன். எதிர்காலத்தில் சொல்லப்படுவதைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

பிறகு அவள் போலீசில் மனுக் கொடுக்க வேண்டும் என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "உங்க மிஷின்ல அடிச்சிக் குடுங்க. அப்பத்தான் எடுத்துப்பாங்க" என்றாள். எல்லாருக்கும் மனம் இளகிவிட்டது. ராஜாம்பாள் டீச்சர் உட்கார்ந்து, 'என் கணவர் கொளஞ்சிநாதன் காணவில்லை' என்று அடித்தார்.

"டீச்சர், இதன்படி பார்த்தால் கொளஞ்சிதான் எதையோ காணவில்லை" என்றேன். "'கணவரைக் காணவில்லை' என்று இருக்க வேண்டும்."

"சரி சார். அப்பவும், யார் காணலைங்கற கேள்வி வருதே? நான்கிற எழுவாயைப் போடணுமா?"

"காணாமப் போயிட்டாருன்னு போடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார் கருப்பசாமி.

"'காணாமல் போனார்' என்றால் எதையும் பார்க்காமல் போனார் என்று ஆகிறது."

"அது வழக்கு சார். வழக்கை இலக்கணம் ஒத்துக்கும்."

"ஒத்துக்கொள்ளும்தான். ஆனால் மனுவில் எழுதலாமா?"

'தொலைந்து போனார்' என்று போடலாமே என்றார் குஞ்சிதபாதம். அது வசவு மாதிரி இருக்கிறது என்றார் டீச்சர். 'காணாமற்போனார்' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று வந்தது. நான் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொருவரும் ஓய்ந்துபோகும் நேரம் பார்த்து ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் கேட்டேன். வாசலில் குழந்தை வீரம்மாளின் தோளில் தூங்கிப்போயிருந்தது. அவள் தோளை மாற்றிக்கொண்டாள்.

"எப்பிடி எழுதுனாலும் சரிங்க" என்றாள். "எழுதிக் குடுத்துட்டா நா கொண்டு போய்க் குடுத்துடுவன். பஸ்சு போயிடுங்க."

மதியம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்று இயந்திரத்தை அணைத்தார்கள். அடுத்த வாரம் டீச்சருக்குப் பரீட்சை வேலை. அதற்கடுத்த வாரம் மழை. அந்த மனு முதல் வரியைத் தாண்டவே இல்லை, ஐயா. நான் எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. எதையும் ஒளிக்கவில்லை.

மனு தொடங்கிய அன்று போகும்போது வீரம்மாள் என்னிடம் வந்து, "நீங்க ஒருத்தருதாங்க இதுல இவ்ளோ கவனமா இருக்கீங்க" என்றாள். அது உண்மை.

அந்த மழைக்காலத்தில் வரிமணியும் போய்விட்டது. நகல் எடுக்க முடியாதபடி கொளஞ்சி அதைப் பூட்டி வைத்திருந்தான். மன்றத்தில் இருந்தது வரிமணி பதிந்த ஒரே ஒரு பிளாப்பித் தட்டு. ஈரத்தில் அதில் பூஞ்சணம் பிடித்தது. முதலில் இரண்டு தடவை போட்டால் ஒரு தடவை எடுத்தது. பிறகு பத்துத் தடவைக்கு ஒரு தடவை. மற்றவர்கள் வராத சாயங்காலங்களில் நான் தனியாகப் போய் உட்கார்ந்து, பஞ்சால் அதன் வட்டத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வெயிலில் காட்டினேன். எடுக்கும் நாள்களில் 'தமிழ் பாடம்' என்று அடித்து அந்த 'ப்' வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் அது கரகரவென்று சத்தம் போட்டது. அதன் பிறகு எடுக்கவே இல்லை. அன்று குவார்ட்டர்ஸுக்குப் போய் விளக்குப் போடாமல் தரையில் கிடந்தேன். இசக்கியம்மாள் போன அன்றுகூட நான் அப்படிக் கிடந்ததில்லை.

ராஜாம்பாள் டீச்சர் சென்னையிலிருந்து வேறொரு புரோகிராம் வரவழைத்தார். வேகமானது. நூறு பக்கம் வேண்டுமானாலும் அடிக்கும். அதில் ஒற்று விதிகள் இல்லை. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

இனி, இரண்டு கோடைக்கு முன்னால் கொளஞ்சியைக் கடைசியாகப் பார்த்த அந்தச் சனிக்கிழமை. மே மாதக் கடைசி. மதியத்துக்கு மேல் மன்றத்தில் நானும் கொளஞ்சியும் மட்டும் இருந்தோம். நாளைக்குப் புதிய வரிமணியை ஏற்றப் போவதாகச் சொன்னான். பத்தாம் பக்கக் கோளாறு சரியாகிவிட்டது, வேகமும் கூடிவிட்டது என்றான். எப்படி என்று கேட்டேன்.

"ஒத்தெல்லாம் எடுத்துட்டேன் சார். அதான் இழுத்துகினு இருந்துது."

வீட்டுக்குக் கிளம்பினான். என் சைக்கிள் பஞ்சராகிக் கிடந்தது. கொஞ்ச தூரம் நானும் வருகிறேன் என்று அவன் கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். சாலை முழுவதும் அவன் முதுகைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே போனேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பாதி விதிகளையாவது விட்டு வை என்றேன். வேற்றுமைத் தொகைக்கு உரியவற்றை மட்டுமாவது விட்டு வை என்றேன்.

"சார், நா என்னா பண்றது? எல்லாருமே எடுக்கச் சொல்லிட்டாங்க. குஞ்சிதபாதம் அடிச்ச பத்திரிகையில 'தாய் தந்தை'ய 'தாய்த் தந்தை'ன்னு ஆக்கிடுச்சு. டீச்சரே சொல்லிட்டாங்க, எடுத்துடுன்னு. ஒத்துன்னா உங்களுக்கு உசுருன்னு தெரியும், அதான் உங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல."

'தாய் தந்தை' உம்மைத்தொகை, அங்கே மிகாது. அதற்கான விதிவிலக்கை நான் எழுதித் தந்திருந்தேன். அவன்தான் சேர்க்க மறந்திருந்தான். அதைச் சொன்னேன். "இருக்கலாம் சார்" என்றான். பிறகு, தான் அடுத்த மாதம் பெங்களூருக்குப் போய்விடுவதாகவும், போகுமுன் எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக நினைப்பதாகவும் சொன்னான். பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாகம் என்று முந்திரித் தோப்புக்குள் சைக்கிளைத் திருப்பினான். சுரங்கத்துக்கான நிலம் எடுப்பில் போன தோப்பு. உடையவர்கள் போய்விட்டார்கள், காவல் கிடையாது. அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு. குறுக்கு மரத்தில் பழைய கயிறும் வாளியும் தொங்கின. கொளஞ்சி ஓரத்தில் நின்று குனிந்தான். பிறகு அவன் கிணற்றுக்குள் இருந்தான். எப்படி என்பது ஒரு சிறிய விஷயம். கடைசியில் சொல்கிறேன்.

கீழே மார்பளவுத் தண்ணீர். அவனுக்குக் கால் உடைந்திருக்க வேண்டும். ஒரு கையால் பக்கத்துக் கல்லைப் பிடித்திருந்தான், மறுகையால் தோள்பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து அவன் முதலில் சொன்னது இது: "சார், ஓரமா நிக்காதீங்க. கல்லு பேந்துகினு வருது. நீங்களும் வுழுந்துடப் போறீங்க."

பிறகு, "மொதல்ல பைய இழுத்துக்குங்க. பிளாப்பியெல்லாம் இருக்கு, நனைஞ்சிடும். உங்க ரூலு போட்ட பழசும் இதுலதான் இருக்கு சார்" என்றான்.

வாளியை நான் இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அவன் பையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான். அப்புறம் என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். குரல் மாறியது.

"ஒத்தப் போட்டுடறேன் சார். எல்லாத்தையும் திரும்பப் போட்டுடறேன். கயித்த வுடுங்க சார்."

பயத்தில் சொல்லப்படும் சம்மதம் எனக்கு வேண்டாம். அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஆகவே ஒன்று கேட்டேன். 'குடிதண்ணீர்' என்று எழுதுகிறோமே, நடுவில் ஏன் 'த்' வருவதில்லை?

"சார்... வராது சார். எனக்குத் தெரியும், வராது."

"ஏன் வராது?"

"தெரில சார். கை வழுக்குது சார். குழந்த இருக்குது சார் எனக்கு."

விடை சரி. காரணம் சொல்லத் தெரியவில்லை. என் விதிகளில் அது மூன்றாம் பக்கத்திலேயே வரும். ஓராண்டு என் எதிரில் உட்கார்ந்து அவற்றையெல்லாம் இயந்திரத்தில் ஏற்றியவன், ஒன்றைக்கூட மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. அது வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகாது என்று மேலிருந்து சொன்னேன். தெரியாமலே போகக்கூடாது அல்லவா? "வினைத்தொகை சார், வினைத்தொகை" என்று அவன் திரும்பச் சொன்னான். பலமுறை சொன்னான். நான் கயிற்றைச் சுருட்டி, வாளியோடு எடுத்துப் புதரில் போட்டேன்.

ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவன் முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு வீரம்மாளை. பிறகு அம்மாவை. வெயில் தாழ்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மாடு ஏதாவது தவறி விழக்கூடாது என்று காய்ந்த முள்ளை இழுத்து வந்து கிணற்று வாய்மேல் பரப்பினேன். அவன் சைக்கிளிலேயே திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நிறுத்தினேன். பாதி வழியில்தான் பையின் ஞாபகம் வந்தது. பழைய வரிமணியின் மூலப் பிளாப்பி உண்மையிலேயே அதில் இருந்திருக்கும். அவன் பொய் சொல்கிறவன் அல்லன். அந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போதும் வருந்துகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புதிய வரிமணி வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு காத்திருந்தேன். யார் என் விதிகளை எடுக்கச் சொன்னவர்கள் என்று தெரிந்துகொண்டே, அன்றும் அதற்குப் பிறகும் அவர்களுக்கு என் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். தோப்பை மட்டமாக்க வந்த கான்ட்ராக்ட் ஆள்கள் முள்ளை விலக்கினார்கள். எலும்புகளோடு அவன் பெல்ட்டும் கம்பெனி அடையாள வில்லையும் கிடைத்தன. கொளஞ்சி போவதற்கு முன்வாரம் பஸ் ஸ்டாண்டில் சாமிக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்து, "எந்தங்கச்சிய வுட்டுட்டுப் போனா உன்ன வெட்டிப் போட்டுடுவேன்" என்று கத்தியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் அவனைக் கொண்டுபோனதில் தவறு சொல்ல மாட்டேன்.

வீரம்மாள் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை இப்போது நடக்கிறது. என் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எங்கண்ணன் செய்யலீங்க. சத்தம் போடுவானே தவிர அவனால ஆவாதுங்க. புருசனையும் வாரிக் குடுத்துட்டு, அண்ணனையும் உள்ள வச்சிட்டாங்க. நா யாருகிட்டப் போயி சொல்லுவன்? நீங்க படிச்சவங்க. உங்க பேச்ச கேப்பாங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

பார்க்கிறேன் அம்மா என்றேன். அவள் சொன்னதை நான் நம்பினேன். அதை என்னைவிட நிச்சயமாக நம்பக்கூடியவர் இந்த ஊரில் யாரும் இல்லை. அவள் போன பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது.

நேற்று மன்றத்தில் கொளஞ்சிக்கு இரங்கல் கூட்டம். வீரம்மாளை முன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் நம்மை விட்டுப் போகவில்லை, நாம்தான் இரண்டு வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிக் கருப்பசாமி அழுதார். கடைசியில் ராஜாம்பாள் டீச்சர் எழுந்தார்.

"வரிமணியில அந்த ஒற்று விதிகள் இருந்ததே, எவ்வளவு நுணுக்கம். அத்தனையும் அந்தப் பிள்ளை தானா உட்கார்ந்து எழுதினது. தமிழ் படிச்ச நம்மளால முடியாததை டிப்ளமா படிச்ச பிள்ளை செஞ்சது. நம்ம பரமசிவம் சார்கூடச் சந்தேகம்னா அவரைத்தான் கேப்பார்."

எல்லாரும் தலையசைத்தார்கள். வீரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், பெருமையாக நிமிர்ந்து பார்த்தாள்.

நான் எழுந்து, அப்படி இல்லை என்றேன். விதிகளை எழுதியது நான் என்றேன். கருப்பசாமி என் தோளைப் பிடித்து, "உட்காருங்க அண்ணாச்சி, மனசு தாங்கல உங்களுக்கு" என்றார். மறுபடி சொன்னேன். டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். செத்தவனிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். வெளியே வந்து பனியில் நடந்தேன். விடிந்ததும் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

சாமிக்கண்ணுவுக்காகத்தான் வந்தேன், ஐயா. நிரபராதி ஒருவன் உள்ளே இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் உள்ளே போய் இரண்டு மாதம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் எழுத்தரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கொளஞ்சிநாதன் குனிந்தபோது அவன் முதுகில் கை வைத்துக் கிணற்றில் தள்ளியவன் நான். கயிற்றை எடுத்தவன் நான். அவன் சத்தம் நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். வரிமணியின் ஒற்று விதிகள் அத்தனையும் எழுதியவன் நான். ஒரே ஒரு வேண்டுகோள்தான். இவற்றை எழுதும்போது விதிகளை முதலில் எழுதச் சொல்லுங்கள்.